2024 தேர்தல் தீர்ப்பும் கூட்டணிக் கணக்கும்

 

பதினெட்டாவது மக்களவைத் தேர்தலின் முடிவுகள் 2024 ஜூன் 4 அன்று வெளியானபோது நம் இல்லங்கள் பலவற்றில் நிம்மதிப் பெருமூச்சு எழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019-இல் தனித்தே 303 இடங்களைப் பெற்றிருந்த பாரதீய ஜனதா கட்சி 240-இல் நின்றுவிட்டது. பெரும்பான்மைக்குத் தேவை 272. எதிரணியான ‘இந்தியா’ கூட்டணி 234 இடங்களைக் கைப்பற்றியது. அவற்றுள் காங்கிரஸுக்கு 99, சமாஜ்வாதிக்கு 37. அயோத்தி அடங்கிய ஃபைசாபாத்தில், கோவில் திறப்பு நிகழ்ந்து ஐந்து மாதங்கள்கூட நிறைவுறாத நிலையில், அவதேஷ் பிரசாத் என்னும் தலித் தலைவர் 54,567 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். பொதுத் தொகுதியொன்றில் சமாஜ்வாதி கட்சி அவரை நிறுத்தியதே துணிவான செயல்தான்.

ஆயினும் நாட்டு மக்களின் மனம் அடியோடு மாறிவிட்டது என்று எவரேனும் கூறினால் நான் உடன்பட மாட்டேன். பா.ஜ.க. 2019-இல் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 37.4 சதவீதம், 2024-இல் 36.6 சதவீதம். ஒரு சதவீதத்திற்கும் குறைவான இறக்கம் 63 இடங்களைக் கொண்டுபோயிற்று! காரணம் நமது தேர்தல் முறை. ஒரு தொகுதியில் மற்றவரைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவரே முழு இடத்தையும் எடுத்துக்கொள்கிறார். உத்தரப் பிரதேசத்தில் சமாஜ்வாதியும் காங்கிரஸும் கைகோத்ததால் பா.ஜ.க. 62-லிருந்து 33-க்கு இறங்கியது. தனித்து நின்ற பகுஜன் சமாஜ் கட்சிக்கு ஓரிடமும் இல்லை. தமிழ்நாட்டிலோ ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றும் அ.தி.மு.க. வெறுங்கையோடு திரும்பியது, 39 தொகுதிகளும் தி.மு.க. அணிக்கே சென்றன. இராமநாதபுரத்தில் முஸ்லிம் லீகின் ஏணிச் சின்னத்தில் நின்ற நவாஸ் கனி, முன்னாள் முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வத்தை 1.66 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். (அதே பெயரும் அதே முன்னெழுத்தும் கொண்ட வேறு சிலரும் அத்தொகுதியில் போட்டியிட்டது தேர்தலின் வேடிக்கைகளுள் ஒன்று.)

இனி, நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். 240 என்பது ஆட்சிக்குப் போதாது. ஆனால் தெலுங்கு தேசத்தின் 16-உம் ஐக்கிய ஜனதா தளத்தின் 12-உம் ஏனைய நண்பர்களும் சேர்ந்தபோது 293 ஆயிற்று. ஆந்திராவிலும் பீகாரிலும் நம் சகோதரர்களின் வாக்குகளை விரும்பும் கட்சிகள் இவ்விரண்டும். ஆகவே வக்ஃபு திருத்த மசோதாவை இவை தடுக்கும் எனப் பலர் நம்பினர். அவையோ சில மாற்றங்களைக் கேட்டுப் பெற்று, ஆதரவளித்தன. 2025 ஏப்ரல் 3 அதிகாலையில் மக்களவையில் ஆதரவு 288, எதிர்ப்பு 232. அந்த 28 பேரும் வாக்களித்தனர் என்று கொண்டு, அவர்களை எதிர்ப்பக்கம் வைத்துக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்: இரு பக்கமும் 260! நம் முன்னோர் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் அடக்கத்தலத்திற்கும் எழுதிவைத்த நிலங்களின் நிலை இந்த எண்களில்தான் தொங்கிக் கொண்டிருந்தது. பின்னர் 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்திவைத்தது வேறு விஷயம்.

இத்தேர்தலில் வென்ற முஸ்லிம் உறுப்பினர்கள் 24 பேர். 1980-இல் 49 பேர் இருந்தனர். 2011 கணக்கெடுப்பின்படி நாம் 14.2 சதவீதம். கட்சிகள் நம்மவர்க்கு இடம் ஒதுக்கத் தயங்குவதே இக்குறைவுக்குப் பெருங்காரணம் என்பது என் கருத்து; இதில் நம் வாக்கை நம்பி வாழும் கட்சிகளும் விலக்கல்ல.

வாக்களிப்பதை ஒரு சாட்சியம் என்றே உலமாக்கள் பலர் விளக்கியுள்ளனர். சாட்சி சொல்ல முதலில் பட்டியலில் பெயர் வேண்டும். மணமாகி வேறூர் சென்ற மகளின் பெயர் எங்கே இருக்கிறது, பதினெட்டு நிறைந்த பேரன் படிவம் 6-ஐ நிரப்பினானா என்று இல்லத்துத் தாய்மார்கள் கேட்கட்டும். வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. வேற்று நாட்டுக் குடியுரிமை பெறாதவர்கள் படிவம் 6ஏ மூலம், கடவுச்சீட்டில் உள்ள ஊரின் பட்டியலிலேயே பெயர் சேர்க்கலாம். ஆனால் தபால் வாக்கு அவர்களுக்கு இல்லை. கடவுச்சீட்டோடு நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும். 2024-இல் அவ்வாறு பெயர் பதிந்திருந்தோர் ஏறத்தாழ 1.19 இலட்சம். வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் மூவாயிரத்திற்கும் குறைவு. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கேரளத்தவர்.