பால் கறக்கக் குத்தும் ஊசி மருந்து பசுவின் உடலில் அடையும் கதி

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. பால்கோவாவுக்கு ஆதாரம் பால். ஆகையால், கன்று இறந்த பசுவையும் பாலை அடக்கும் பசுவையும் ஊசி குத்திக் கறக்கலாமா, அம்மருந்து பாலில் தங்குமா என்னும் கேள்விகள் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதி மிராசுதார்களுக்குப் பெரிதும் சம்பந்தமுடையவை.

அம்மருந்தின் பெயர் ஆக்ஸிடோஸின். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியாகிய இந்த ஹார்மோன், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரத்தத்தில் விடப்படுகிறது. இது கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணத்தை டேல் என்பவர் 1906-ல் கண்டார். 1953-ல் டு விக்னோ என்பவர் இதனைச் செயற்கையாகவே செய்து காட்டினார். கன்று மடியை முட்டியவுடன் இயற்கையில் நிகழ்வதைத்தான் ஊசியும் செய்கிறது.

சதையில் குத்திய மருந்து சிறிது சிறிதாக இரத்தத்திற் கலந்து உடலெங்கும் பரவுகிறது. மடியில் பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசையணுக்களில் ஒட்டி, அவற்றை இறுக்கிப் பாலைக் காம்புக்குத் தள்ளுகிறது. புதிதாகப் பாலை உண்டாக்குவதன்று. பால் கூடினாற்போல் தோன்றுவது, மடியில் தேங்கிய கடைசிப் பாலும் வெளிவருவதாலேயே.

பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அச்சங்கிலியை விரைவில் அறுத்துவிடுகின்றன. மனிதர் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 1 முதல் 6 நிமிஷமே ஆகிறது; பசுவிலும் சில நிமிஷங்களே. ஐந்து நிமிஷத்துக்கொரு முறை பாதியாவதாகக் கொண்டால், இரத்தத்திற் சேர்ந்த பங்கு அரை மணியில் 64-ல் ஒன்றாகும். சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்து, பசுவைப் பருவத்துக்குக் கொண்டுவர வைத்தியர்கள் உபயோகிக்கும் ஹார்மோனோ, சர்க்கரைப் பொருள் மிகுந்த பெரிய மூலக்கூறாதலால், சிறுநீரகத்தில் எளிதில் வடியாது பல நாள் தங்கும்.

பாலில் சிறிதளவு ஆக்ஸிடோஸின் இருப்பினும், குடிப்பவர் குடலிலுள்ள ஜீரண நீர்கள் அதனைச் சிதைத்துவிடும். ஆயின் மருந்து சீக்கிரம் மறைவதால் கெடுதலும் மறைந்ததென்று கொள்ளலாகாது. நாள்தோறும் குத்தப்பட்ட பசு ஊசியின்றிச் சுரப்பு விடாத பழக்கத்துக்கு உள்ளாகிறது. ஒரு வேளை ஊசி தவறினாலும் பால் மடியிலேயே தேங்கும். கருப்பையும் அதே மருந்துக்குச் சுருங்குவதாதலால், நிறைசினைப் பசுவுக்கு இஷ்டப்படி குத்துவது அபாயகரமானது. பிரசவ காலத்தில் கால்நடை வைத்தியர் அளவறிந்து கொடுப்பது வேறு விஷயம்.

தனியார் இம்மருந்தைத் தயாரிப்பதைத் தடுத்து மத்திய சர்க்கார் 2018 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவை, அவ்வருஷம் டிசம்பரில் டெல்லி ஹைகோர்ட் ரத்து செய்தது. பிரசவத்தில் தாய்மாரைக் காக்கும் மருந்தாதலால் அத்தடை பெரும் விவாதத்துக்கு இடமாயிற்று. ஆனால் 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் 12-வது பிரிவு இதனால் மாறவில்லை. கறவைக்காக மிருகத்தின் தேகசுகத்துக்குக் கேடான ஊசி போடுவோருக்கு 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டு வருஷம் வரை காவலோ, இரண்டுமோ விதிக்கலாம். மிருகமும் சர்க்காரைச் சேரும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்வது நலம்.

கன்று இழந்த பசுவுக்குத் தவிட்டை முன்வைத்து, வெதுவெதுப்பான நீரால் மடியைக் கழுவி, ஒரு நிமிஷம் காம்புகளை மெல்லத் தடவிய பிறகு கறக்க வேண்டும். ஆளும் நேரமும் மாறலாகாது. அதட்டலும் அடியும் கூடவே கூடா. மிரண்ட பசுவின் இரத்தத்தில் சேரும் அட்ரினலின் சுரப்பைத் தடுத்துவிடும்.