ஆசிரியர்கள் மாணவர்களாகும் சனிக்கிழமை

பள்ளி இல்லாத நாளில் காலை எட்டு மணிக்கே ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடினால், அங்கே 'கோர்ஸ்' நடக்கிறது என்று பொருள். ஆசிரியர் குடும்பங்களில் இது எல்லாருக்கும் தெரியும். அரசு ஊழியர்கள் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று மலேசியாவில் வகுத்தது. சிங்கப்பூரில் 1998 முதல் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி உரிமை உண்டு.

இத்தனை மணி நேரத்தால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு என்ன கிடைக்கிறது? பட்டப்படிப்பு முடித்த கையோடு சில வாரத் தீவிரப் பயிற்சி பெற்று, நேரே வகுப்பறைக்குள் நுழையும் இளையோருக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியமானது. 'ஃபெல்லோ' என்று அழைக்கப்படும் அந்த இளம் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய இடைநிலைப்பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன்.

இரண்டு ஆண்டுப் பணி

இந்த முறை அமெரிக்காவில் தொடங்கியது. வெண்டி கோப் 1989-இல் தம் பல்கலைக்கழக ஆய்வேட்டில் முன்வைத்த யோசனை, மறு ஆண்டே 'டீச் ஃபார் அமெரிக்கா' ஆனது. 2002-இல் இங்கிலாந்தில் 'டீச் ஃபர்ஸ்ட்' வந்தது. இத்தகைய அமைப்புகளை இணைக்கும் 'டீச் ஃபார் ஆல்' 2007-இல் உருவானது. மலேசியாவில் ஜமீர் சுல்கிஃப்லியும் கீரன் சிவராஜாவும் 2010-இல் 'டீச் ஃபார் மலேசியா'வைத் தொடங்கினர். முதல் அணி 2012-இல் பள்ளிகளுக்குச் சென்றது.

ஃபெல்லோ தேவை மிகுந்த பள்ளியில் இரண்டு ஆண்டுகள் முழுநேர ஆசிரியராகப் பணியாற்ற வேண்டும். இந்தக் கால அளவு குறித்த விமர்சனமும் உண்டு. ஓர் ஆசிரியர் பக்குவப்படவே சில ஆண்டுகள் ஆகும்போது, இரண்டே ஆண்டில் கிளம்பிவிட்டால் மாணவர்கள் கதி என்ன என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதனால்தான் பயிற்சி நாளை வீணாக்க எங்களுக்கு நேரமில்லை. இங்கே ஒரு மாதம் தாமதமாகக் கற்றுக்கொள்வது மாணவர்களின் ஒரு மாதத்தைச் செலவழிப்பதாகும்.

மூன்று விநாடி மௌனம்

அண்மையில் நாங்கள் கலந்துகொண்ட பயிற்சி நாளின் காலை அங்கம் முழுவதும் ஒரே விஷயத்தைப் பற்றியது: கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்?

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரே விநாடிதான் காத்திருந்தனர். அதற்குள் வேறொரு மாணவனிடம் தாவினர், அல்லது தாங்களே விடை சொன்னார்கள். காத்திருப்பை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. தாமாக முன்வந்து பேசிய மாணவர்கள் கூடினர். 'தெரியாது' என்ற பதில் குறைந்தது.

பயிற்சி எளிமையானது. மூவர் ஒரு குழு. ஒருவர் ஆசிரியர், ஒருவர் மாணவர், மூன்றாமவர் கைப்பேசியில் நேரம் பார்ப்பவர். "எண்ணெய் ஏன் தண்ணீரில் மிதக்கிறது?" என்று கேட்டுவிட்டு அமைதியாக நிற்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். மூன்று விநாடி மௌனம் வகுப்பறையில் மூன்று நிமிடம்போல் கனக்கும். அறை முழுவதும் சிரிப்பு.

பயிற்றுநர் எழுப்பிய அடுத்த கேள்விக்குச் சிரிப்பு அடங்கியது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்து, 'பெராலிஹான்' எனப்படும் புகுமுக வகுப்பைக் கடந்து வந்த மாணவனை நினைத்துப் பாருங்கள் என்றார். ஆங்கிலத்தில் கேட்ட கேள்வியை அவன் தமிழில் புரிந்துகொள்கிறான். பள்ளியில் எல்லாரும் பேசும் மலாய்மொழியில் யோசித்துப் பார்க்கிறான். பிறகு ஆங்கிலத்தில் சொல் தேடுகிறான். மூன்று மொழிகளைக் கடந்து வர வேண்டியவனுக்கு ஒரு விநாடி எப்படிப் போதும்?

என் வகுப்பின் கடைசி வரிசையில் அப்படி ஒரு மாணவன் இருக்கிறான். ஆசிரியர் அறையில் அவனைப் பற்றிச் சொல்லப்படும் சொல் 'பேச மாட்டான்' என்பதே.

காத்திருந்தால் மட்டும் போதாது என்ற எச்சரிக்கையும் வந்தது. 'எஸ், டீச்சர்' என்று முடிந்துவிடும் கேள்விக்கு எத்தனை விநாடி நின்றாலும் பயனில்லை. கேள்விக்குச் சிந்திக்க இடம் வேண்டும். முதலில் பக்கத்தில் இருப்பவனிடம் தன் மொழியில் பேசிப் பார்க்க வாய்ப்பும் வேண்டும்.

பிழை சொல்லும் செய்தி

மதியத்திற்குப் பிறகு மாணவர்களின் கட்டுரைத் தாள்கள். பெயரை மறைத்து, ஒவ்வொருவரும் மூன்று தாள்கள் கொண்டுவந்திருந்தோம். அவற்றை வேறொருவர் படித்து, மதிப்பெண் போடாமல், மாணவருக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று மட்டும் எழுத வேண்டும்.

எனக்குக் கிடைத்த ஒரு தாளில் 'ஐ யெஸ்டர்டே மார்க்கெட் வென்ட்' என்றிருந்தது. இன்னொன்றில் 'ஐ கோ மார்க்கெட் யெஸ்டர்டே'. இரண்டுக்கும் சிவப்பு மைதான் விழும். ஆனால் பிழைகள் ஒன்றல்ல. முதல் மாணவர் இறந்தகாலத்தைச் சரியாக எழுதியிருக்கிறார். 'நான் நேற்று சந்தைக்குப் போனேன்' என்பதுபோல் வினைச்சொல் மட்டும் தமிழ் வழக்கப்படி கடைசிக்குப் போய்விட்டது. இரண்டாமவரின் சொல் வரிசை ஏறத்தாழச் சரி. அது மலாய் வாக்கிய வரிசை. மலாய்மொழியில் காலத்திற்கேற்ப வினைச்சொல் மாறாது என்பதால் 'கோ' அப்படியே நின்றுவிட்டது. இருவருக்கும் ஒரே இலக்கணப் பயிற்சித் தாளைக் கொடுத்தால் ஒருவருக்கு அது வெறும் எழுத்து வேலை.

திங்கட்கிழமைதான் தேர்வு

பயிற்சி நாள்களைப் பற்றிய பழைய மனக்குறை, எல்லாம் அந்த அறையோடு போச்சு என்பதுதான். இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1980-களில் இதை விரிவாக எழுதினர். விளக்க உரையும் செயல்முறைப் பயிற்சியும் மட்டும் கிடைத்தால் மிகச் சிலரே அதை வகுப்பறைக்குக் கொண்டுசெல்கின்றனர். பிறகு ஒருவர் கூடவே இருந்து வழிகாட்டினால்தான் அது நிலைக்கிறது. மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் 2013–2025-இன் கீழ் மாவட்டக் கல்வி இலாகாக்களில் முழுநேரப் பாட வழிகாட்டிகள் நியமிக்கப்பட்டதும் இந்தக் காரணத்தால்தான்.

எனவே நாள் முடிவில் ஆளுக்கு ஒரே ஒரு மாற்றத்தை எழுதித் தந்தோம். இரண்டு வாரத்திற்குள் யார் வந்து பார்க்கப்போகிறார் என்பதையும் குறித்தோம். எங்கள் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றும் மூத்த ஆசிரியையிடம் கேட்டேன். "என்னம்மா, சனிக்கிழமை கோர்ஸில் இதையா சொல்லிக்கொடுத்தாங்க? நான் வந்து விநாடி எண்ணணுமா?" என்று சிரித்தவர், மறுக்காமல் பத்து நிமிடம் பின்னால் அமர்ந்தார். வெளியே வந்ததும் அவர் சொன்ன குறிப்பு எந்தப் பட்டறையிலும் கிடைக்காதது: "முன்வரிசைக்குக் கேள்வி கேட்டா நிக்கிறே. பின்வரிசைக்கு இன்னும் கொஞ்சம் நில்லு. அவங்களுக்கு நீ காத்திருப்பேன்னு நம்பிக்கை வரணும்."

இரண்டாவது வாரத்தில், 'பேச மாட்டான்' எனப்பட்ட மாணவன் ஒரு வாக்கியம் சொன்னான். பாதி ஆங்கிலம், பாதி மலாய். வகுப்பு கேட்டது. அடுத்த நாள் மீண்டும் பேசவில்லை. நான்காவது நாள் பேசினான். ஒரு சனிக்கிழமையின் பலன் இவ்வளவுதான், இவ்வளவும் வேண்டியதுதான்.

சேர நினைக்கும் இளையோருக்கு

பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் நம் இளையோர் சிலர் இந்தப் பணியைப் பற்றிக் கேட்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளியிலோ இலவச டியூஷன் மையத்திலோ சில வாரம் உதவுங்கள். பிள்ளைகளோடு இருப்பது பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்தப் பணியை முடித்தவர்களைத் தேடிப் பேசுங்கள். அவர்களிடம் சம்பளத்தைக் கேட்பதோடு நிற்காமல், 'உங்கள் வகுப்பை யார் வந்து பார்த்தார்கள், எத்தனை முறை?' என்றும் கேளுங்கள். கடைசியாக, சேரப்போகும் பள்ளியில் பல ஆண்டு இருந்த ஆசிரியர் ஒருவரை முதல் வாரத்திலேயே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். இரண்டு ஆண்டில் நீங்கள் கிளம்பலாம். உங்களோடு சேர்ந்து முயன்று பார்த்த அவர் அதே மாணவர்களோடு இருப்பார்.