ஒரு பயணம், இரண்டு கட்டணம்: பொதுக் கணக்கு வருமா?

கிள்ளானில் கொமியூட்டர் ஏறுகிறார் ஒரு பயணி. பிரிக்பீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலில் இறங்கி, எல்ஆர்டி பிடித்து வேலைக்குப் போகிறார். கையில் இருப்பது ஒரே டச் என் கோ அட்டை. ஆனாலும் கொமியூட்டர் வாசலில் அட்டையைத் தட்டி வெளியே வந்து, எல்ஆர்டி வாசலில் மறுபடியும் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். பயணம் ஒன்று, கட்டணம் இரண்டு!

ஏன் இந்த நிலை? கொமியூட்டரை நடத்துவது கேடிஎம். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் மூன்றும் பிரசாரானா குழுமத்தின் சேவைகள். 50 வெள்ளிக்கு 30 நாள் பயணம் தரும் மை50 அட்டையும் ரேப்பிட் கேஎல் சேவைகளுக்கென்றே வந்தது. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கட்டண முறை.

இந்த இடைவெளியை நிரப்ப முடியும் என்று பேசப்படும் தொழில்நுட்பங்களுள் ஒன்றுதான் பிளாக்செயின்.

அது என்ன?

பத்துப் பேர் சேர்ந்து சீட்டுக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு ஒருவரிடம் மட்டும் இருந்தால் சந்தேகம் வரும். பத்துப் பேரும் ஆளுக்கொரு நோட்டில் அதே கணக்கை எழுதினால், ஒருவர் மட்டும் தனியே திருத்த முடியாது. பிளாக்செயினின் அடிப்படை இதுதான்.

2009-இல் தொடங்கிய பிட்காயினில் பதிவுகள் ஒரே சங்கிலியாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். ஒரு கட்டு சேரச் சராசரியாக 10 நிமிடம் ஆகும். காலை ஏழரை மணிக் கூட்டத்துக்கு இது சரிப்படுமா? ஒரே முகப்பு திறந்த டோல் சாவடி போலாகிவிடும்.

இதற்கு மாற்றாக வந்ததே வலைப்பின்னல் முறை. ஒவ்வொரு புதிய பதிவும் முந்தைய பதிவுகள் சிலவற்றைச் சரிபார்த்து அவற்றோடு இணைந்துகொள்ளும். பல பதிவுகள் ஒரே நேரத்தில் சேரலாம். 2016-இல் இயங்கத் தொடங்கிய ஐயோட்டா இம்முறையைப் பரவலாக அறியச் செய்தது. சாலை நெரிசல், குழிகள் பற்றித் தகவல் தரும் கார்களுக்கு நாணயம் வழங்கி, அதைக் கொண்டே டோல் கட்டும் திட்டத்தை 2019-இல் ஜாகுவார் லேண்ட் ரோவர் அதனுடன் சேர்ந்து சோதித்தது.

குறைகளும் உண்டு

2020 பிப்ரவரியில் பயனர்களின் நாணயங்கள் திருடுபோனதால் ஐயோட்டா வலையமைப்பே சில வாரங்கள் நிறுத்தப்பட்டது. 2025-இல் அது தன் பழைய முறையைக் கைவிட்டு வேறு வடிவத்துக்கு மாறியது. நாள்தோறும் மக்கள் நம்பிப் பயணம் செய்யும் ரயிலுக்கு இத்தகைய தடங்கல் தாங்காது.

இன்னொன்று அந்தரங்கம். யார், எத்தனை மணிக்கு, எங்கே இறங்கினார் என்பது அழிக்க முடியாத ஏட்டில் ஏறினால் என்னாகும்? தேவை முடிந்த தகவலை அழித்துவிட வேண்டும் என்கிறது மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். எனவே பயண விவரத்தை வெளியே வைத்து, நிறுவனங்களுக்கு இடையிலான கணக்கை மட்டும் பொது ஏட்டில் எழுதுவதே பாதுகாப்பு.

முதலில் தேவை எது?

ஒரு காலத்தில் மஸ்ஜித் ஜாமெக்கிலும் இதே கதைதான். ஓர் எல்ஆர்டி தடத்திலிருந்து வெளியேறி, மற்றத் தடத்துக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. 2011-இல் இரண்டும் ஒரே கட்டணப் பகுதியாயின. அதற்கு பிளாக்செயின் தேவைப்படவில்லை. இரண்டு தடங்களும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால் முடிவெடுப்பது எளிதாயிற்று.

கேஎல் சென்ட்ரலில் இருப்பதோ இரண்டு நிறுவனங்கள். கொமியூட்டரில் வந்தவர் குறிப்பிட்ட நேரத்துக்குள் எல்ஆர்டி ஏறினால் அதை ஒரே பயணமாகக் கருதலாமா? கழிவு எவ்வளவு? அந்தச் செலவை யார் ஏற்பது? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், கணக்கை நேர்மையாகப் பிரித்துக் காட்டும் வேலையை வலைப்பின்னல் ஏடு செய்யலாம். சாதாரணக் கணினியும் செய்யலாம். கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாட்டை மனிதர்கள்தாம் எழுத வேண்டும்.