பிரசவம் வீட்டிலா, வைத்தியசாலையிலா?

“எங்கள் பாட்டி பத்துப் பிள்ளைகளையும் வீட்டில்தானே பெற்றார்” என்பார்கள். உண்மைதான். ஆனால் 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்தனர். 2010களில் இது 40க்கும் குறைந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமானது. பின்னர் வீடு தேடி வந்த குடும்பநல மருத்துவமாதும் இலவச வைத்தியசாலையும் நாடெங்கும் பரவியதே இம்மாற்றத்துக்கு முக்கிய காரணம். இன்று நூற்றுக்கு 99 பிரசவங்கள் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன.

அப்படியிருந்தும் சில தாய்மார் ஏன் தயங்குகிறார்கள்? வைத்தியசாலையை வெறுத்தல்ல. இரவில் வாகனம் இல்லை. மூத்த பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. சிங்களம் பேசத் தெரியாது. இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு உதவ உறவினரும் அருகில் இல்லை.

பிள்ளை பிறந்தபின் இரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உயிர் போகலாம். அதை நிறுத்தும் ஊசியும், ஏற்ற வேண்டிய இரத்தமும் வீட்டில் இராது. மடவளையிலிருந்து கண்டி, பேராதனை பெரிய வைத்தியசாலைகள் தூரமில்லை. ஆகவே ஏழாம் மாதத்திலேயே மூன்றைத் தீர்மானியுங்கள்: எந்த வாகனம், பிள்ளைகளுக்கு யார், துணைக்கு யார். புதிய இடத்துக்கு வந்தவுடன் மருத்துவமாதுவிடம் பதியுங்கள். பழைய கர்ப்பகால அட்டையையும் கொண்டுசெல்லுங்கள். அயலவரே, அந்த இரவில் ஒரு கதவு தட்டப்பட்டால் திறவுங்கள்.