சீக்கிரம் வீடு திரும்பினால் போதுமா?

குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் ஒருவரை நீங்கள் மருத்துவமனையில் போய்ப் பார்த்திருக்கலாம். அவர் எப்போது தண்ணீர் குடிக்கலாம், எப்போது எழுந்து நடக்க வேண்டும், எந்த நிலையில் வீட்டுக்குப் போகலாம் என்பதற்குப் பல மருத்துவமனைகளில் முன்கூட்டியே ஓர் அட்டவணை இருக்கும். மருத்துவரும் தாதியரும் அதைப் பின்பற்றுவார்கள். இதற்குச் 'சிகிச்சைப் பாதை' என்று பெயர். பொறியாளர்கள் கட்டுமான வேலைகளைத் திட்டமிடும் முறையிலிருந்து பிறந்த யோசனை இது. 1980களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவமனைக்குள் நுழைந்தது.

இந்தப் பாதை உண்மையிலேயே பயன் தருகிறதா? "முன்பு நோயாளிகள் 7 நாள் தங்கினார்கள், பாதை வந்த பிறகு 5 நாள்தான்" என்று ஓர் ஆய்வு சொல்வதாக வைத்துக்கொள்வோம். உடனே கைதட்டிவிடாதீர்கள். தொடக்கப் பள்ளியிலேயே மாறிகளைப் பற்றிப் படித்தீர்களே, நினைவிருக்கிறதா? அதே காலத்தில் சிறு துளை வழியே செய்யும் அறுவைச் சிகிச்சையும் அங்கு வந்திருக்கலாம். அப்படியானால் நாள் குறைந்தது எதனால்? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

சரி, ஒரே வார்டில் பாதி நோயாளிகளுக்கு மட்டும் பாதையைப் பின்பற்றலாமா? அதிலும் சிக்கல் உண்டு. முதல் கட்டிலில் ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொண்ட தாதி, இரண்டாம் கட்டிலுக்குப் போகும்போது அதை மறந்துவிடுவாரா என்ன? அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிரிப்பதில்லை. முழு வார்டுகளை அல்லது முழு மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள். செலவு அதிகம், வேலையும் அதிகம். அதனாலேயே இப்படிப்பட்ட ஆய்வுகள் குறைவு.

எதை அளந்தார்கள் என்றும் பாருங்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போனவர் மறுவாரமே காய்ச்சலோடு திரும்பி வந்தால் அந்த 5 நாளுக்கு என்ன மதிப்பு? 2010இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மறுஆய்வு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 11,398 பேர். பாதையை மட்டும் தனியாகச் சோதித்த ஆய்வுகளில், மருத்துவமனையில் ஏற்படும் சிக்கல்கள் குறைந்திருந்தன. இறப்பிலும் மறுபடி அனுமதிக்கப்படுவதிலும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. தங்கும் நாள்கள் பல ஆய்வுகளில் குறைந்திருந்தாலும், ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மிகவும் மாறுபட்டதால் அவற்றைக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்ல ஆய்வாளர்கள் மறுத்துவிட்டார்கள். எனக்கு அந்த மறுப்புதான் மிகவும் பிடித்தது.

இந்தக் கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்காக 'லிவர்பூல் பாதை' உருவாக்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். வலியில்லாமல் விடைபெறட்டும் என்று நினைத்தார்கள். முறையான ஒப்பீட்டுச் சோதனைக்கு முன்பே அது பல மருத்துவமனைகளுக்குப் பரவிவிட்டது. சில இடங்களில் அட்டவணையில் அடையாளமிடுவதே வேலை என்றானது. தங்களிடம் எதுவும் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று சில குடும்பங்கள் புகார் செய்தன. 2013இல் ஜூலியா நியூபர்கர் தலைமையிலான குழு அதைக் கைவிடப் பரிந்துரைத்தது.

அதே பாதையின் இத்தாலிய வடிவத்தை, வார்டுகளைக் குலுக்கிப் பிரித்துச் சோதித்த ஆய்வு 2014இல் 'லான்செட்' இதழில் வந்தது. இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் கேட்டுப் பராமரிப்பின் தரத்தை அளந்திருந்தார்கள். இரண்டு குழுக்களுக்கும் இடையே ஒட்டுமொத்தத் தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதற்குள் இங்கிலாந்து மருத்துவமனைகள் அந்த அட்டவணையை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தன.