ஒரு வீத மன்னிப்பும் பத்து வீதப் பிடிப்பும்

2021 செப்டெம்பரில் இலங்கைப் பாராளுமன்றம் 18 ஆம் இலக்க நிதிச் சட்டத்தை நிறைவேற்றியது. கணக்கில் காட்டாமல் வைத்திருந்த பணத்தையும் சொத்தையும் தாமாக வெளியே சொல்பவர்கள், அதன் பெறுமதியில் ஒரு வீதத்தைக் கட்டினால் போதும். பழைய வரி கேட்கப்படாது, தண்டம் இல்லை, வரி வழக்கும் இல்லை, சொன்ன விவரமும் இரகசியமாகக் காக்கப்படும். அது நடந்து சில கிழமைகளில், ஒக்டோபர் 3 ஆம் திகதி, வெளிநாடுகளில் ஒளித்த சொத்துகளை அம்பலப்படுத்திய பண்டோரா ஆவணங்கள் உலகம் முழுக்க வெளியாகின. ஏறத்தாழ 1 கோடியே 19 இலட்சம் கோப்புகள். அவற்றில் இலங்கையரின் பெயர்களும் இருந்தன. உடனே எல்லோருக்கும் கோபம் வந்தது. ஒரு மாதத்துக்குள் விசாரித்து அறிக்கை தரும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு பிறந்தது. ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் மாறி மாறி அறிக்கை விட்டன, பத்திரிகைகள் ஆசிரியத் தலையங்கம் தீட்டின. ஒளித்த பணத்துக்கு ஒரு வீதத்தில் மன்னிப்புக் கொடுத்த சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே, ஒளித்தவர்களைப் பிடிப்போம் என்ற சூளுரையும் ஒலித்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்க முனைந்தவர்கள் மிகச் சிலர். நவம்பரில் வீடுகளில் எரிவாயு சிலிண்டர்கள் வெடிக்கத் தொடங்கின; பண்டோரா முதற்பக்கத்தை விட்டு இறங்கியது.

இனி புத்தளம் மாவட்டத்தில் மதுரங்குளியை அடுத்த கனமூலைக்கு வருவோம். தென்னை, தோட்டம், களப்பு மீன்பிடி ஆகியவற்றோடு வளைகுடாப் பணமும் சேர்ந்துதான் இந்தக் கரையோரத்தில் அடுப்பெரிகிறது. சவூதியிலோ குவைத்திலோ பத்து வருடம் வீட்டுவேலை செய்து திரும்பிய ஒரு பெண், பத்து இலட்சம் ரூபாயை நிலையான வைப்பில் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வீத வட்டி என்றால் வருடத்துக்கு 80,000 ரூபாய். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வட்டியில் பத்து வீதத்தை, அதாவது 8,000 ரூபாயை, வங்கியே பிடித்துக்கொள்கிறது. அதற்கு முன் ஐந்து வீதமாக இருந்தது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே உள்ளவருக்கு வருமான வரியே கிடையாது. ஆகவே இந்தப் பெண் ஒரு சதமும் கட்டவேண்டியவர் அல்ல. ஆனால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். வரி இலக்கம் எடுத்து, சுயபிரகடனப் படிவம் நிரப்பி, வங்கியில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் முதலில் காசு போகும். பிறகு விண்ணப்பித்துத்தான் திரும்பப் பெறலாம். இந்தப் பெண்ணை முன்கூட்டியே சந்தேகிக்கிற அதே சட்ட அமைப்புத்தான், கோடிகளை மறைத்தவரைப் பார்த்து, தாமாக வந்து சொன்னாலே போதும் என்றது.

ஒரு வீதம் சொத்தின் பெறுமதியில், பத்து வீதம் வட்டியில். இரண்டையும் ஒப்பிடுவது சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே கணக்கைச் சரியாகவே போடுவோம். ஒருவர் வரி கட்டாமல் உழைத்த பத்துக் கோடியை ஒளித்து வைத்திருந்தார் என்றால், அந்த மன்னிப்பின்படி பத்து இலட்சம் கட்டி வெளியே வந்திருப்பார். அந்த உழைப்பை அந்தந்த வருடமே ஒழுங்காகக் காட்டியிருந்தால், மேல்மட்ட வருமானத்துக்கு 18 வீதமோ 24 வீதமோ கட்டவேண்டி வந்திருக்கும். சட்டம் வந்த வருடத்தில் தனிநபர் வருமான வரியின் ஆகக் குறைந்த படிகூட 6 வீதம். நேர்மையாகக் கட்டியவர் இருந்த ஆகக் கீழ்ப் படிக்கும் ஆறு மடங்கு கீழே, கட்டாதவருக்கென்று தனியாக ஒரு படி கட்டிக் கொடுக்கப்பட்டது. போதைப்பொருள், பயங்கரவாதம் போன்ற குற்றங்களால் வந்த பணத்துக்கு இந்தச் சலுகை இல்லை என்று சட்டம் விதிவிலக்கு வைத்தது உண்மை. அப்படியான பணத்தைக் கொண்டுவந்து பிரகடனம் செய்ய யாரும் வரிசையில் நிற்கப் போவதில்லை என்பதும் உண்மை.

இது 2021 இல் முளைத்த யோசனையும் அல்ல. 1960களிலிருந்து இந்த நாட்டில் பத்துக்கு மேற்பட்ட தடவை வரி மன்னிப்பு வழங்கப்பட்டிருக்கிறது. அவற்றில் பெரியது 2003 இல் வந்தது. அன்று எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் அதைக் கறுப்புப் பணத்துக்கான சலவைத் தொட்டி என்ற பொருள்படக் கண்டித்தார்கள். 2004 இல் ஆட்சிக்கு வந்ததும் அதை நீக்கினார்கள். அது சட்டத்தின் ஆட்சிக்கும் சமத்துவத்துக்கும் முரணானது என்று உயர் நீதிமன்றமும் அந்த வருடம் கடுமையான அபிப்பிராயம் சொன்னது. அதற்குப் பிறகு விவாதிக்க ஒன்றும் மிச்சம் இருந்திருக்கக் கூடாது. ஆனால் 2021 மன்னிப்பைக் கொண்டுவந்தது, 2004 இல் நீக்கிய அணியின் வழிவந்தவர்கள். அதை எதிர்த்து முழங்கியது, 2003 இல் கொண்டுவந்த அணியின் வழிவந்தவர்கள். பதினெட்டு வருடங்களில் ஆசனங்கள் இடம் மாறின, பேச்சும் கூடவே மாறியது. இதைக் கட்சி அரசியலின் சகஜம் என்று விட்டுவிட நான் தயாரில்லை. வரி ஏய்ப்பு பற்றிய ஒருவரின் கொள்கை அவர் எந்தப் பக்க ஆசனத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்றால், அவருக்கு அதில் கொள்கை எதுவும் இல்லை என்றுதான் பொருள்.

ஆசனம் மாறினாலும் மாறாத ஒன்றும் உண்டு. பாராளுமன்ற உறுப்பினர்களின் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொகுசு வாகனத்துக்கான இறக்குமதித் தீர்வையிலிருந்து விலக்கு. அந்தப் பத்திரத்தையே வர்த்தகர்களுக்கு விற்றுக் கோடிக்கணக்கில் காசாக்கிய கதைகள் 2016 அளவில் நாடு முழுக்கப் பேசப்பட்டன. அரச ஊழியர்களின் சம்பளமும் மக்கள் பிரதிநிதிகளின் சம்பளமும் 2011 ஏப்ரல் வரை வருமான வரிக்கு வெளியிலேயே இருந்தன. இந்தச் சலுகைகளை அனுபவித்ததில் சிங்களக் கட்சி, தமிழ்க் கட்சி, முஸ்லிம் கட்சி என்ற பேதம் இருக்கவில்லை. இப்போதைய ஆட்சி அந்த அனுமதிப்பத்திரங்களை நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறது. நல்லது.

அரசியல்வாதியின் இரட்டை நாக்கு பழகிப்போன விஷயம். ஊடகத்தின் இரட்டை நாக்குதான் எனக்குக் கூடுதல் வருத்தம் தருகிறது. 2019 டிசம்பர் 1 ஆம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியது. வருடத்துக்கு 1.2 கோடி ரூபாய் புரள்வு உள்ளவர் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை 30 கோடிக்கு உயர்ந்தது. சம்பளத்தில் மாதாந்தம் பிடித்த உழைக்கும்போதே செலுத்தும் வரியும் நின்றது. இவை எல்லாம் 'நிவாரணம்' என்றுதான் அச்சேறின. வற் குறைந்த அளவுக்குக் கடையில் சாமான் விலை குறைந்ததா என்று தொடர்ந்து போய்ப் பார்த்து எழுதியவர்கள் குறைவு. 2020 ஒக்டோபரில் சீனிக்கான விசேட பண்ட அறவீடு கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமானது. அரசுக்கு இழப்பு 1,500 கோடி ரூபாய்க்கு மேல் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. சந்தியில் தேத்தண்ணிக் கோப்பையின் விலையில் அந்த 49 ரூபாய் 75 சதத்தின் சுவடே தெரியவில்லை. அடுத்த வருடம் ஓகஸ்டில் சீனி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்த பிறகு, அதே பத்திரிகைகள் 2019 வரிக்குறைப்புத்தான் அழிவுக்குத் தொடக்கம் என்று எழுதின. 2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றமும் பொருளாதார வீழ்ச்சிக்கு வழிவகுத்த தீர்மானங்களில் அந்தக் குறைப்பையும் சேர்த்தே தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. ஆனால் 2019 இல் தாம் எழுதியதை எடுத்து வைத்து, இதை அன்று வரவேற்றோம் என்று வாசகருக்குச் சொல்லவும் பத்திரிகைகள் கடமைப்பட்டிருந்தன.

காரணம் தேடிப் போனால் ஊடகங்கள் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் முட்ட வேண்டியிருக்கிறது. இலங்கை ஊடக உடைமை பற்றி 2018 இல் வெளியான ஆய்வின்படி, அச்சிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் முதல் நான்கு உரிமையாளர்களிடமே வாசகர், நேயர் பங்கின் முக்கால்வாசி அளவு இருந்தது. அவர்களில் பலருக்கு வேறு தொழில்களும் அரசியல் உறவுகளும் உண்டு. வரிவிலக்கு வாங்கும் திட்டத்தின் முழுப்பக்க விளம்பரம் வருகிற பத்திரிகையில் அந்த விலக்கைப் பற்றிய விசாரணை வருவது எளிதல்ல. விளைவு என்ன? புத்தளம் பக்கத்துக் காட்டில் கசிப்புக் காய்ச்சியவர் பிடிபட்டால் வயது, ஊர், போத்தல் எண்ணிக்கை, படம் எல்லாம் வரும். மதுபான உற்பத்தி நிறுவனங்களின் வரி நிலுவை பில்லியன் கணக்கில் என்று பாராளுமன்றக் குழுவில் பேசப்பட்டால், 'சில நிறுவனங்கள்' என்று ஒரு பத்தி வரும். அவதூறு வழக்குக்குப் பயம், வரிச் சட்டத்தின் இரகசியக் காப்பு என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. நட்டஈட்டு வழக்கின் பயம் இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டபூர்வமாகக் கொடுத்த விலக்கில் இரகசியமே இல்லை. 2008 ஆம் ஆண்டின் உபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டம் 25 வருடம் வரை விலக்குக் கொடுக்க இடம் தந்தது. கொடுப்பது வர்த்தமானியில் வந்தாக வேண்டும். கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் அதை 40 வருடம் வரை நீட்டியது. வர்த்தமானியைப் பார்த்து எழுத வழக்கறிஞரின் அனுமதி தேவையில்லை.

விலக்குக் கொடுக்காவிட்டால் முதலீடு வேறு நாட்டுக்குப் போய்விடும் என்பது எதிர்வாதம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். அப்படியானால் எந்த விலக்குக்கு எவ்வளவு முதலீடு வந்தது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று காட்டவேண்டியது விலக்கு வாங்கியவரின் பொறுப்பு. கனமூலைப் பெண் 8,000 ரூபாய்க்கு எழுத்தில் நிரூபணம் கொடுக்கிறாரே. கிராமத்திலும் தென்னந்தோட்ட முதலாளி, இறால் பண்ணைக்காரர் எல்லோரும் ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. எல்லோரும் கட்டுவதில்லை. ஆனால் நாட்டின் வரி வருவாயில் நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ எழுபது ரூபாயோ அதற்கு மேலோ நீண்ட காலமாக வந்துகொண்டிருப்பது பொருளிலும் சேவையிலும் ஒட்டிய மறைமுக வரியாகத்தான். வற் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். டீசல், பெற்றோல், சமையல் எரிவாயு மீதும் அன்றிலிருந்து அது விழுகிறது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் டீசல் மோட்டாரும் லொறியில் கொழும்புக்குப் போகும் மரக்கறியும் அதைச் சுமக்கின்றன. தொலைபேசிக்கு ரீலோட் போடுகிறவர் பேசும் அழைப்பில் வற்றோடு 15 வீதத் தொலைத்தொடர்பு அறவீடும் 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும் போகின்றன. வருமான வரிக் கோப்பு இல்லாதவர் வரி கட்டாதவர் என்று தொலைக்காட்சி விவாதங்களில் எப்படிப் பேச மனம் வருகிறதோ, எனக்கு விளங்கவில்லை.

இதில் என்னை ஆறவிடாத ஒன்று உண்டு. 2021 பிற்பகுதியில் டொலரின் பெறுமதி 203 ரூபாய் அளவில் கட்டி வைக்கப்பட்டது. வெளிச் சந்தையில் பல பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. வளைகுடாவில் உழைத்தவர்கள் வங்கிக்கு வெளியே, உண்டியல் வழியாக அனுப்பினார்கள். 2020 இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்புப் பணம், வங்கி வழியில் 2021 இல் 549 கோடியாகவும் 2022 இல் 379 கோடியாகவும் விழுந்தது. மேடைகளும் திரைகளும் இந்த மக்களைத் தேசப்பற்றில்லாதவர்கள் என்று திட்டின. ஏற்றுமதிப் பணத்தை வெளியே நிறுத்தி வைத்திருந்தவர்கள்மீது அந்தக் குரல் அவ்வளவு உயரவில்லை. பணிப்பெண் அனுப்பிய நூறு டொலரில் கூடுதலாகக் கிடைத்தது பிள்ளையின் ரியூசன் காசு, கூரைக்கு ஒரு கட்டு ஓடு. அவர்களைத் திட்டிய வாய்கள்தாம் சில மாதங்களுக்கு முன்னரோ பின்னரோ ஒரு வீத மன்னிப்பை முதலீட்டு ஊக்குவிப்பு என்றன.

ரூபாயின் விலை சந்தையோடு ஒத்துவந்ததும் அந்தப் பணம் வங்கிக்குத் திரும்பியது. 2024 இல் 657 கோடி டொலர். திரும்பி வந்தவர்களை வைத்திருக்க முடியுமா என்பதே என் கவலை. வட்டியில் பத்து வீதம் போகிறது, படிவம் விளங்கவில்லை, அலுவலகத்துக்குப் போக ஒரு நாட்கூலி போகிறது என்றால், அந்தப் பத்து இலட்சம் வங்கியை விட்டு இறங்கும். இறங்கினால் எங்கே போகும்? பதிவில்லாத சீட்டுக்குப் போகலாம். மாதம் பத்து வீதம் தருகிறேன் என்று கைத்தொலைபேசி வழியாக வருகிற, மத்திய வங்கி பெயர் குறிப்பிட்டுத் தடைசெய்யத் தடைசெய்ய வேறு பெயரில் முளைக்கிற பிரமிட் திட்டத்துக்கும் போகலாம். அங்கே போன காசுக்கு மன்னிப்புச் சட்டமும் இல்லை, மீளளிப்புப் படிவமும் இல்லை. பத்து வருடப் பாலைவன உழைப்பு ஒரே மாதத்தில் காணாமல் போகும். அப்போது அந்தப் பெண்ணின் பேராசையைப் பற்றி எழுத ஒரு பத்தி தயாராக இருக்கும்.

பத்திரிகைகளால் இதில் செய்யக்கூடியது உண்டு. சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் செய்த உடன்பாட்டில், முதலீட்டுச் சபை வழியாக வரிவிலக்குப் பெறும் நிறுவனங்களின் பட்டியலையும், சொகுசு வாகன இறக்குமதியில் விலக்குப் பெற்றவர்களின் பட்டியலையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் வெளியிடுவதாக இலங்கை வாக்குக் கொடுத்தது. வரவு செலவுத் திட்டத்துக்கு மறுநாள் தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் விலை கூடியவை, விலை குறைந்தவை என்று பெட்டி கட்டிப் போடுகின்றன. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில், அந்த ஆறு மாதத்தில் யாருக்கு எந்த வரி எத்தனை வருடத்துக்கு விடப்பட்டது என்ற பட்டியலையும் தமிழில், பெயரோடும் தொகையோடும் போடட்டும். வட்டி வருமானத்துக்கான சுயபிரகடனப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில், நிரப்பிய மாதிரியோடு அச்சிடட்டும்.