இரண்டு இழுப்புகளுக்கு இடையே

முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முயன்று பாருங்கள். முதல் முறை விரல் எட்டாமல் நிற்கலாம். அப்படியே அரை நிமிடம் இருந்துவிட்டு நிமிர்ந்து, உடனே மீண்டும் குனிந்தால் சற்றுக் கூடுதலாக எட்டும். ஒரு மணி நேரம் கழித்துக் குனிந்தாலோ பழைய கதைதான்! இடையில் விட்ட ஓய்வில் என்ன நடந்தது?

பாடநூலில் வரும் சுருள்வில் இங்கே நமக்கு உதவாது. எடையைத் தொங்கவிட்டதும் அது நீளும், எடுத்ததும் திரும்பிவிடும். காலம் அதன் கணக்கில் இல்லை. அதற்குப் பதில், பாலிதீன் பையிலிருந்து விரல் அகல நாடா ஒன்றை வெட்டி, அதில் சிறு எடையைத் தொங்கவிடுங்கள். நாடா சட்டென்று கொஞ்சம் நீளும்; பிறகு நிமிடக் கணக்கில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். எடையை எடுத்தால் ஒரு பகுதி உடனே சுருங்கும். மற்றொரு பகுதி அவசரமின்றிச் சுருங்கும். (எடை மிகுந்தால் நாடா நிரந்தரமாகவே நீண்டுவிடும், கவனம்.) 1835-இல் ஜெர்மானிய இயற்பியலறிஞர் வில்ஹெல்ம் வெபர் பட்டு நூலில் இத்தகைய பண்பைக் கண்டார். காந்தப் பாயத்தின் அலகுக்குப் பெயர் தந்த அதே வெபர்தான்.

தசையும் அதைச் சூழ்ந்த கொலாஜன் இழைகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவை: பாதி வில், பாதி பாகு. நீட்டிய நிலையிலேயே பிடித்திருந்தால் அவற்றின் இழுவிசை தானாகக் குறைகிறது. டென்மார்க்கில் நடந்து 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடையின் பின்புறத் தசையை 90 விநாடி நீட்டி வைத்தபோது அதன் எதிர்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 30 விநாடி இடைவெளி விட்டு இவ்வாறு ஐந்து முறை நீட்டினர். தசை முழுவதும் பழைய நிலைக்கு மீள அந்த இடைவெளி போதவில்லை. ஆகவே முதல் முறையைவிட ஐந்தாம் முறை எதிர்ப்பு குறைவாக இருந்தது. ஒரு மணி நேர ஓய்வுக்குப் பின் அளந்தபோது எல்லாம் பழையபடி ஆகியிருந்தது.

அப்படியானால் நாள்தோறும் பயிற்சி செய்வோரின் மூட்டு நன்றாக வளைவது எப்படி? அதே குழுவினர் மூன்று வாரப் பயிற்சிக்குப் பின் அளந்து பார்த்தனர். மூட்டு முன்னைவிட அதிகம் வளைந்தது. ஆனால் ஒரே கோணத்தில் தசை காட்டிய எதிர்ப்பு மாறவில்லை. மாறியது, இழுப்பைத் தாங்கிக்கொள்ளும் உணர்வுதான்! எனக்கு இது இன்றும் வியப்பளிக்கும் முடிவு.

இன்னொன்று: பாகு, வேகத்தை எதிர்க்கும். வெடுக்கென்று குதித்துக் குனிந்தால் எதிர்ப்பு கூடும். மெதுவாக நீட்டி, அரை நிமிடம் நிறுத்தி, சிறிது ஓய்ந்து, மறுபடி நீட்டுங்கள். தடையோட்டத்துக்கு உங்கள் பெயரை அழைக்க ஒரு மணி நேரம் ஆகுமென்றால், இப்போதே நீட்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.